பஜ்ஜி எண்ணெயும் பள்ளி ஆய்வகமும்

பொழுது சாய்ந்தால் வண்ணாரப்பேட்டையில் பஜ்ஜிச் சட்டிகள் காயத் தொடங்கிவிடும். பக்கத்திலேயே காசிமேட்டில் மீன் வறுவல். பொரித்துக் கறுத்த எண்ணெய்க்கு இங்கே பஞ்சமில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை 2018 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் 'ரூகோ' திட்டமும் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. ஆகவே, வடசென்னைப் பள்ளி ஒன்று அறிவியல் கண்காட்சிக்குப் பழைய எண்ணெயில் பயோடீசல் செய்ய நினைப்பது இயல்பானது, பொருத்தமானதும்கூட. சிக்கல் என்னவென்றால், செய்முறையை அப்படியே பின்பற்றினாலும் பல நேரம் குடுவையில் எரிபொருள் வராது, சோப்புக் குழம்புதான் வரும்.

காரணம் எளிது. எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்த அமைப்பு. மெத்தனாலும் சிறிது எரிசோடாவும் (சோடியம் ஹைட்ராக்சைடு) சேர்த்தால் கிளிசரால் கழன்று, அதன் இடத்தில் மெத்தனால் வந்து சேர்கிறது. அந்த மெத்தில் எஸ்டர்தான் பயோடீசல். ஆனால் அதே எண்ணெயும் அதே எரிசோடாவும்தான் சோப்புக்கும் மூலப்பொருள்கள். எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: தண்ணீர், கட்டற்ற கொழுப்பு அமிலம். ஈரமான மீனையும் மாவில் தோய்த்த வாழைக்காயையும் திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெயில் இரண்டுமே இருக்கும்.

அதனால் முதல் நாளே பஜ்ஜி எண்ணெயைத் தொடாதீர்கள் என்பேன். ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட் ஒன்றை வாங்கி அதில் தொடங்குங்கள். அது புதியது, எல்லா வீட்டிலும் கிடைப்பது. அதில் சரியாக வராத செய்முறை பழைய எண்ணெயில் வரவே வராது. புது எண்ணெயில் வந்து பழையதில் வராவிட்டால், குறை செய்முறையில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது என்று மாணவரே சொல்லிவிடலாம்.

அடுத்தது, எண்ணெயிலுள்ள கட்டற்ற கொழுப்பு அமிலத்தை அளக்கும் தரம்பார்த்தல். பிளஸ் டூ மாணவர்களுக்கு பியூரெட் பழகிய கருவிதான். ஒரு லிட்டர் வாலைவடிநீரில் ஒரு கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலந்து, இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை அந்தக் கரைசலைச் சொட்டு சொட்டாகச் சேர்க்க வேண்டும். செலவான ஒவ்வொரு மில்லிக்கும், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு கிராம் எரிசோடா கூடுதலாகத் தேவை. புது எண்ணெய்க்கான அடிப்படை அளவு லிட்டருக்கு 3.5 கிராம். பழைய எண்ணெய் 2 மில்லி குடித்தால் 5.5 கிராம். 3 மில்லியைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பள்ளிச் சோதனைக்கு எடுக்காமல் விடுவதே நல்லது.

இங்கேதான் கவனிக்கப்படாத பிழை ஒன்று நுழைகிறது. 100 மில்லி எண்ணெய்க்கு வேண்டிய எரிசோடா வெறும் 0.35 கிராம். பள்ளித் தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும் என்றால், ஏழில் ஒரு பங்கு பிழை எடைபோடும்போதே வந்துவிடுகிறது. போதாததற்குக் கடற்கரைக் காற்று. எரிசோடாச் சில்லுகளைக் கண்ணாடித் தட்டில் வைத்த சில நிமிடத்திலேயே மேற்பரப்பு வியர்த்துப் பளபளக்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். எடைபோடுவது எரிசோடாவை மட்டுமல்ல, அது உறிஞ்சிய நீரையும் சேர்த்துத்தான். இதற்கு வழி, குழுவுக்குக் குழு எடைபோடாமல், 100 மில்லி எண்ணெய் எடுக்கும் ஐந்து குழுக்கள் என்றால் ஐந்துக்கும் சேர்த்து 1.75 கிராமை 125 மில்லி மெத்தனாலில் ஆசிரியரே ஒரே புட்டியில் கரைத்து, குழுவுக்கு 25 மில்லி அளந்து கொடுப்பது. எடைப் பிழை குறையும். மிஞ்சும் பிழையும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கும். பழைய எண்ணெய்க்கு அதன் கணக்குப்படி வேறொரு புட்டி.

ஆசிரியரே கரைக்க வேண்டும் என்பதற்கு இன்னும் பெரிய காரணம் மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது இதுதான். தமிழ்நாட்டில் இதை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு விதிகளின்கீழ் உரிமக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஒரு சொட்டுகூட மாணவர் வீட்டுக்குப் போகக் கூடாது. கையுறை, கண்ணாடி, திறந்த சன்னல் கட்டாயம். பன்சன் அடுப்பு கூடவே கூடாது, 11 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவி விடும் திரவம் இது. குடுவையை 55 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் போதும். 65 டிகிரியை நெருங்கினால் மெத்தனால் கொதித்துப் போய்விடும். எண்ணெயும் மெத்தனாலும் தாமாகக் கலக்காதவை என்பதால் ஒரு மணி நேரம் ஒரே வேகத்தில் கலக்க வேண்டும். கையால் கலக்கினால் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். காந்தக் கலக்கி இல்லையென்றால் பக்கத்துக் கல்லூரியில் கேட்டு வாங்கலாம்.

பிரிபுனலில் கனமான கிளிசரால் அடியில் தங்கும், மேலே பயோடீசல் நிற்கும். மேலடுக்கின் அளவைப் பார்த்து வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். மாறாமல் போன எண்ணெயும் அதே அடுக்கில்தான் கரைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் மெல்ல அலசி ஈரம் போக்கியபின், ஒரே பிப்பெட்டில் மூல எண்ணெயையும் விளைபொருளையும் ஒரே வெப்பநிலையில் விட்டு, வடியும் நேரத்தைக் குறியுங்கள். 40 டிகிரியில் தாவர எண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ 35 முதல் 40 சென்டிஸ்டோக்ஸ், நல்ல பயோடீசலுக்கு 4 முதல் 5. பாதி மட்டுமே மாறிய எண்ணெய் இந்தச் சோதனையில் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொன்றையும் மும்முறை செய்து, மூன்று எண்களையும் எழுத வேண்டும். சராசரியை மட்டும் எழுதினால், மூன்றும் எவ்வளவு விலகி நின்றன என்பது மறைந்துபோகும்.

இப்படிச் செய்த பயோடீசலையும் யாருடைய ஆட்டோவிலும் ஊற்றிப் பார்க்க வேண்டாம். வண்டியில் ஊற்றும் பயோடீசலுக்கு ஐ.எஸ். 15607 என்ற தரம் இருக்கிறது, அதைச் சோதிக்கும் கருவிகள் பள்ளியில் இல்லை. தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கண்காட்சி மேசையில் பொன்னிறப் புட்டியோடு, தரம்பார்த்த அளவுகளும் வடிந்த நேரங்களும் சோப்பாகிப்போன குடுவையின் கணக்கும் உள்ள நோட்டையும் திறந்து வையுங்கள். மதிப்பெண்ணை அந்த நோட்டுக்குக் கொடுங்கள்.