தொப்பி மறைத்த கண்கள்

கௌபோய்ப் படமென்றால் துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்ப்போருக்கு, வில்லியம் வெல்மன் நெறிப்படுத்தி 1943இல் வெளிவந்த ‘தி ஒக்ஸ்-போ இன்சிடென்ற்’ ஏமாற்றமே தரும். வெளிவந்த நாளில் வசூலும் குன்றிற்று.

கதை நிகழ்வது 1885இல், நெவாடாவில். பண்ணைக்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தாரெனக் கேள்வியுற்ற ஊரார், மாடுகளோடு சென்ற மூவரைப் பிடிக்கின்றனர். மாடு வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு அவர்களிடம் இல்லை. நீதிமன்ற விசாரணை வேண்டுமென்போர் எழுவர் மாத்திரமே. மூவரும் தூக்கிலிடப்பட்ட பின்னரே தெரிகிறது, பண்ணைக்காரர் இறக்கவேயில்லை!

“கதாநாயகர் ஹென்றி பொண்டா எதையும் சாதிக்கவில்லையே” என்பது இரசிகர் பலரின் குறை. எழுவருள் ஒருவராய் நின்று தடுக்க முயல்கிறார், முடியவில்லை. அதனை நாம் குறையெனக் கொள்ளோம். பதினான்கு வயதில், 1919இல், ஒமாஹா நகரில் கறுப்பினத்தவர் ஒருவரைக் கும்பலொன்று கொன்றதைத் தந்தையின் அச்சகத்திலிருந்து கண்டவர் பொண்டா.

காடும் பாறையும் ஸ்ரூடியோவிற் கட்டியவை என்பாரும் உளர். உண்மைதான், கண்ணுக்கே தெரிகிறது. ஆயினும் இறுதிக் காட்சியைப் பாருங்கள். தூக்கிலிடப்பட்டவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பொண்டா வாசிக்கிறார். நண்பனின் தொப்பி விளிம்பு அவர் கண்களை மறைக்கிறது. குரல் மட்டுமே நம்மை வந்தடைகிறது.