கொடைக்கானல் வனச் சுற்றுலாவை முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மலையேற்ற ஆர்வலர்கள் சங்கம்,
கொடைக்கானல்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், திண்டுக்கல்.
உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள், கொடைக்கானல் வனக் கோட்டம்.

பொருள்: வனப்பகுதிக் குகை, ஏரி, அருவிகளைக் காண வருவோரின் பாதுகாப்பு மற்றும் கூடாரத் தங்கலை முறைப்படுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததால், மலைக்கு வரும் வண்டிகளின் கணக்கு இப்போது அரசின் கையில் இருக்கிறது. வண்டியை விட்டு இறங்குவோர் காட்டில் எதுவரை போகலாம், இரவில் எங்கே தங்கலாம் என்பதற்கும் அதேபோல ஓர் ஒழுங்கு வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைப் பறித்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் மலையேற்றத்துக்கான ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கப்பட்டது. முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி என அத்திட்டத்தில் உள்ள ஏற்பாடுகளை மனதில் கொண்டே கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

1. குணா குகை: 1991-இல் வெளிவந்த ‘குணா’ படத்தால் பெயர் பெற்ற இந்த இடத்தில், 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படம் வெளியான பிறகு கூட்டம் பெருகிவிட்டது. குகை வாய்க்கு வேலியிட்டிருப்பதை வரவேற்கிறோம். ஆனால் வெளியே தரையெங்கும் பின்னிக் கிடக்கும் மர வேர்களின் மேல் ஏறி நின்றுதான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மிதிபட்டு மிதிபட்டு வேர்கள் பட்டை தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. வேரில் கால் படாதபடி உயர்த்திய மரநடைபாதை அமைத்து, ஒரே நேரத்தில் உள்ளே செல்வோர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வேண்டும். குகையில் விழுந்தவரைக் கயிற்றில் இறங்கி மீட்கப் பயிற்சி பெற்ற குழு ஒன்று நகரிலேயே இருக்க வேண்டும்.

2. பேரிஜம் ஏரி: இது பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. யானை நடமாட்டத்தின்போது வனத்துறை பாதையை மூடுவது சரியே. அந்த அறிவிப்பை உடனுக்குடன் இ-பாஸ் இணையதளத்திலும் வெளியிட்டால், வெளியூரிலிருந்து குழந்தை குட்டிகளோடு வருவோர் சோதனைச் சாவடிவரை போய்த் திரும்ப நேராது. ஏரிக்கான அனுமதிச் சீட்டையும் அதே தளத்தில் வழங்க வேண்டும்.

3. கூடாரத் தங்கல்: வனவிலங்குச் சரணாலய எல்லைக்கு வெளியே, யானை, காட்டெருமை வழித்தடங்களைத் தவிர்த்து, அரசே சில இடங்களைக் குறித்துத் தர வேண்டும். தனியார் கூடாரங்களுக்கு உரிமம், காவல், கழிப்பறை ஆகியவை கட்டாயமாக வேண்டும். புல் காய்ந்து கிடக்கும் கோடைக்கால மாதங்களில் குளிர்காயும் நெருப்புக்கும் திறந்தவெளிச் சமையலுக்கும் முழுத் தடை விதிக்க வேண்டும்.

4. அருவிகளும் ஓடைகளும்: மேலே மலையில் பெய்யும் மழை, கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக இறங்கிவிடும். ஆழமான, வழுக்கும் இடங்களில் தமிழ், மலையாளம், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் எச்சரிக்கைப் பலகைகள் வைக்க வேண்டும். விடுமுறை நாட்களில் அங்கெல்லாம் கயிறும் மிதவையுமாகக் காவலர்கள் நிற்க வேண்டும்.

5. வழிகாட்டிகள்: இந்த மலையின் தடங்களையும் விலங்குகளின் நடமாட்டத்தையும் பளியர் பழங்குடியினரைப் போல் அறிந்தவர் எவருமில்லை. அவர்களில் விருப்பமுள்ள இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் முதலுதவிப் பயிற்சியும் அடையாள அட்டையும் வழங்கி, நாட்கூலியை அரசே நிர்ணயிக்க வேண்டும்.

6. குடிநீரும் குப்பையும்: நெகிழிப் புட்டிக்குத் தடை இருக்கும் ஊரில், தண்ணீர் நிரப்பிக்கொள்ள வழியும் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு சுற்றுலா இடத்திலும் சுத்திகரித்த குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குரங்கும் காட்டெருமையும் கிளற முடியாத மூடியிட்ட குப்பைத்தொட்டி ஆகியவை தேவை.

இவற்றில் எச்சரிக்கைப் பலகை, இணையதள அறிவிப்பு, நெருப்புத் தடை ஆகிய மூன்றுக்கும் பெரிய செலவில்லை. வரும் கோடை விடுமுறைக்கு முன்பே அவற்றை நிறைவேற்றலாம். துப்புரவுப் பணிக்கும் பயணிகளுக்கு அறிவுறுத்துவதற்கும் எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி உழைக்கத் தயாராக இருக்கிறார்கள்.

எனவே, வனத்துறை, நகராட்சி, சுற்றுலாத் துறை, பளியர் பிரதிநிதிகள் ஆகியோரைக் கொண்ட கூட்டம் ஒன்றை விரைவில் கூட்டி, இக்கோரிக்கைகள் மீது காலவரையறையுடன் ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.