மேஜைக்கு மெருகு, பிள்ளைக்கு விஷம்!

பெரம்பூரில் ஒரு ஸ்டோர் வீடு. அங்கே குடியிருப்பவர் ஒரு தனியார் கம்பெனி குமாஸ்தா. தாத்தா காலத்துத் தேக்கு மேஜை ஒன்று அவரிடம் இருக்கிறது. மேலே டம்ளர் வைத்து வைத்து வட்ட வட்டமாகத் தழும்பு. பாலிஷ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் குமாஸ்தாவுக்குத் தலை சுற்றியது.

"இந்தக் காசுக்குப் புது மேஜையே வாங்கிடலாமே!" என்றார். பாலிஷ்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். அதில் ஒருவர் பத்தே நிமிஷத்தில் ஒரு பழைய பீரோவை ராஜா வீட்டு பீரோவாக மாற்றிவிட்டார். அவ்வளவுதான்! ஞாயிற்றுக்கிழமை காலையில் குமாஸ்தா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

நடந்தது என்ன? உப்புத்தாளை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தார். மரத்தில் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். 80 நம்பர் தாளில் ஆரம்பித்து 120, 180, 220 என்று ஏற வேண்டும். இவர் 80-லேயே வேலையை முடித்துவிட்டார். பழைய மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைக்காமல் மேலே வெள்ளை பெயிண்டை அடித்தார். அதுவும் மழைக்கால ஈரத்தில்! மறுநாள் பார்த்தால் அங்கங்கே கொப்புளம். உள்ளேயிருந்து மஞ்சள் கறை வேறு கசிந்திருந்தது.

"என்னங்க, மேஜைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குதே!" என்றார் மனைவி.

இதுவரை சிரிக்கலாம். மேஜை அவருடையது, மரமும் கெட்டி மரம். மறுபடி தேய்த்தால் சரியாகிவிடும். (ப்ளைவுட் மேஜையாக இருந்திருந்தால் கதை வேறு. மேலே ஒட்டியிருக்கும் மர ஏடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நாலு இழுப்பில் காலி.) சொந்த வீட்டுச் சாமானைச் சொந்தக் கையால் புதுப்பிக்க ஒருவர் ஆசைப்பட்டால் அதைத் தடுக்க நாம் யார்?

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம்.

கூல்டிரிங்க் பாட்டில்!

அடித்த பெயிண்டை எடுக்க அரை லிட்டர் தின்னர் வாங்க ஓடினார். கடைக்காரர் பெரிய டின்னிலிருந்து புனல் வைத்து ஒரு கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். பாட்டிலில் பழைய லேபிள் அப்படியே இருந்தது. தின்னருக்கு நிறம் கிடையாது. பார்த்தால் பச்சைத் தண்ணீர். மேஜைக்கு அடியில் அதை வைத்துவிட்டு, துணி எடுக்கப் போனார். நாலு வயதுப் பையன் வந்தான். பாட்டிலைப் பார்த்தான். மூடியைத் திருகினான்.

தாய் பாய்ந்து பிடுங்கினார். பையன் பிழைத்தான்.

இது போலீஸ் கேஸ் ஆகவில்லை. ஆகியிருந்தால் இதே பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்திருக்கும். அந்த நாலு வரியை எழுதுகிற வேலைதான் நம் வேலை. எழுதி எழுதி வெறுத்துப்போய்த்தான் இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கடைக்காரரைக் கேட்டால் என்ன சொல்கிறார்? "பாட்டிலை அவங்களே கொண்டாறாங்க சார். இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க." வியாபாரிக்கு இது நியாயமாகப் படலாம். ஆனால் மெத்தனாலும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் சாராயத்தில் கலந்த மெத்தனால் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. அதே மெத்தனால் சில தின்னர்களிலும், பாலிஷுக்குப் போடும் சில ஸ்பிரிட்டுகளிலும் இருக்கிறது. பெரியவர்களையே அப்படிச் சாய்த்த சரக்கு, ஒரு குழந்தையை என்ன செய்யும்?

திராவகம் விற்பதற்கு 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாங்குகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். தின்னருக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம். சின்ன டின்னாக, சீல் வைத்து விற்கிற சரக்கை எடுத்துக் கொடுத்தால் போதும். விலை கொஞ்சம் கூடத்தான். அதற்கென்ன செய்வது?

ஒருவேளை குழந்தை குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள் நம் ஜனங்கள். கூடவே கூடாது! வாந்தி வரும்போது தின்னர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 108-க்குப் போன் செய்யுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன குடித்தான் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு ஆபத்து நெருப்பு. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். ஸ்டோர் வீட்டில் இந்தப் பக்கம் தின்னர், அந்தப் பக்கம் கேஸ் அடுப்பு, நடுவில் சாமி விளக்கு. பற்றினால் ஒரு வீட்டோடு நிற்குமா? மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தீக்குச்சி இல்லாமலே அது சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

பழைய பெயிண்ட் அடித்த தொட்டில், நடைவண்டி என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர் 1-ந் தேதிதான். அதற்கு முந்திய பெயிண்டில் எவ்வளவு ஈயமோ! காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தையின் வாய்க்குத்தான் போகும். ஈரமாக்கித் தேய்க்க வேண்டும். குழந்தைகள் பக்கத்திலேயே வரக்கூடாது.

இவ்வளவும் பாலிஷ்காரருக்குத் தெரியும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொட்டலம் கட்டித் தொட்டுத் தொட்டு, ஒரு பூச்சு காய்ந்தபின் மறு பூச்சு என்று அவர் நாள் கணக்கில் தேய்க்கிறார். அவர் கேட்ட கூலி அதிகமில்லை என்பது என் கட்சி. கொடுக்க வசதி இல்லாதவர்கள் தாங்களே செய்து பார்க்கட்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 'பாட்டிலில் தின்னர் கிடையாது' என்று ஒரு அட்டை எழுதிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிடுங்கள். 'கடன் அன்பை முறிக்கும்' அட்டை எல்லாக் கடையிலும் தொங்குகிறதே, அதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.