பார்க்காமல் விடுறதுக்கும் கணக்கு வேணும்

கிராபிக்ஸ் எண்டால் அது சயன்ஸ் பெடியளின்ர வேலை எண்டு கலைப்பீடத்தில லேசாச் சொல்லிப்போட்டுப் போயிடுறம். ஆனால் 'ரே ட்ரேசிங்' எங்களுக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது.

அனிமேஷன் படத்தில வாற ஒரு பித்தளைக் குடத்தை எடுங்கோ. அதில் ஒரு புள்ளியின் நிறத்தை அறிய, எல்லாத் திசையிலிருந்தும் அங்கு விழும் ஒளியைக் கூட்ட வேண்டும். 1986இல் ஜேம்ஸ் கஜியா இதைச் சமன்பாடாகவே எழுதினார். திசைகளோ எண்ணற்றவை. ஆகவே சிலதை எழுமாறாகத் தெரிந்து கதிர் அனுப்பிப் பார்க்கிறார்கள். கதிர் குறைந்தால் படம் மணல் தூவினது போலக் கிடக்கும். அந்த இரைச்சலைப் பாதியாக்க நாலு மடங்கு கதிர் வேணும். பத்திலொன்றாக்க நூறு மடங்கு.

பெரிய மெசின் வாங்கலாம். அதைவிட நல்லது, எங்கே பார்க்கிறது எண்டு யோசிக்கிறது. சொரசொரப்பான உலோகத்தைக் குட்டிக் கண்ணாடிகளின் கூட்டமாகக் கணக்கெடுப்பார்கள். முந்தி, எங்கட பக்கம் முகம் காட்டாத கண்ணாடிகளையும் தெரிவு செய்து கதிர்கள் வீணாகின. பார்வைக்குத் தெரிபவற்றுக்குள் மட்டும் தெரிவு செய்யும் வழியை 2014இல் எரிக் ஹைட்ஸும் யூஜின் டியோனும் முன்வைத்தார்கள். 2018இல் ஹைட்ஸ் அதை இன்னும் எளிமையாக்கினார். அதே அளவு கதிரில் துப்புரவான படம்.

இதில் ரெண்டு ஒழுங்கு இருக்கு. ஒரு திசையை அடிக்கடி தெரிந்தால், அதில் கிடைக்கும் ஒளியை அந்த நிகழ்தகவால் வகுக்க வேண்டும். கூடப் பார்த்ததுக்குக் குறைந்த நிறை, குறையப் பார்த்ததுக்குக் கூடிய நிறை. மற்றது, ஒளி வரக்கூடிய எந்தத் திசைக்கும் வாய்ப்புப் பூச்சியமாகக் கூடாது. பூச்சியமாக்கினால் பிறகு எவ்வளவு கதிர் அனுப்பினாலும் அந்த ஒளி படத்தில் வராது. மறைந்த கண்ணாடிகளை விடலாம். அவை உண்மையிலேயே ஒண்டும் தாறதில்லை.

இப்ப எங்கட ஆய்வுகளைப் பாருங்கோ. பட்ஜ் வட்ஸ்அப் குறூப்பில கூகுள் ஃபோம் ஒண்டைப் போடுறம். நூறு பேர் நிரப்பினதும் 'இளைஞர்களின் கருத்து' எண்டு தலைப்பு வைக்கிறம். தோட்டத்தில, கடலில, கார்மெண்டில வேலை செய்யிற அதே வயதுக்காரருக்கு அங்க வாய்ப்புப் பூச்சியம். நூறை ஆயிரமாக்கினாலும் அவை வரமாட்டினம்.

எல்லாரையும் கேக்க ஏலாதுதான். தெரிந்துதான் பார்க்க வேணும். ஆனால் யாரைக் கூடப் பார்த்தம், யாரை விட்டம் எண்டதை எழுதிவைக்க ஒரு பக்கம் போதும். ஒரு குடத்தின்ர மினுக்கத்துக்கே இவ்வளவு நியாயம் பார்க்கினம். மனிசருக்குக் குறைச்சுப் பார்க்கலாமோ?