கணக்கு வாத்தியார் கடன் வாங்கிய 40 நிமிடம்!

பி.டி. பீரியட் எங்கே போகிறது? பிள்ளைகளின் கண்ணும் எலும்பும் என்ன ஆகிறது?

சென்னையில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் ஒரு பிள்ளையை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். "இந்த வாரம் பி.டி. பீரியட் நடந்ததா?" என்று. "இருந்துச்சு சார். மேத்ஸ் மிஸ் எடுத்துக்கிட்டாங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. பாடம் முடியவில்லை என்றால் முதலில் கை வைப்பது பி.டி. பீரியடில்தான். கணக்கு வாத்தியார் கேட்பார். சயன்ஸ் டீச்சர் கேட்பார். பி.டி. மாஸ்டரும் "எடுத்துக்குங்க" என்று தலையாட்டுவார். கடன் என்று பெயர். அந்தக் கடனை எந்தக் கணக்கு வாத்தியாரும் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை!

பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று 2023-ல், அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். அமைச்சர் மேடை ஏறிச் சொல்ல வேண்டிய அளவுக்கு விஷயம் முற்றிப் போயிருக்கிறது.

5 பேரில் 4 பேர்

வளரும் பிள்ளைக்கு தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படியான ஓட்டம், ஆட்டம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. 146 நாடுகளில் பள்ளிக்குப் போகும் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களைப் பற்றிய ஓர் ஆய்வை அந்த நிறுவனம் 2019-ல் வெளியிட்டது. 100-க்கு 81 பேருக்கு இந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. பெண் பிள்ளைகளில் 85 பேர்!

"அதெல்லாம் குண்டுப் பிள்ளைங்க சமாச்சாரம். எங்க பையன் ஒல்லிதான்" என்று சொல்கிற தாய்மார்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் பையனின் மூக்கைப் பார்க்கட்டும். கண்ணாடி ஏறியிருக்கிறதா?

சீனாவில் குவாங்சோ என்ற நகரம். அங்கே 12 பள்ளிக்கூடங்களில் 2010-ம் ஆண்டு ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். 6, 7 வயதுப் பிள்ளைகள். பாதிப் பள்ளிக்கூடங்களில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக ஒரு பீரியட் போட்டு, பிள்ளைகளைக் கட்டிடத்துக்கு வெளியே விட்டார்கள். மீதிப் பள்ளிகளில் வழக்கம் போலப் பாடம். மூன்று வருடம் கழித்துக் கண்ணைச் சோதித்தார்கள். வழக்கம் போல இருந்த பள்ளிகளில் 100-க்கு 39 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30 பேருக்கு!

மருந்து இல்லை. மாத்திரை இல்லை. வெறும் வெளிச்சம். வெளியில் உள்ள பிரகாசமான வெளிச்சம் பட்டால் விழி அளவுக்கு மீறி நீள்வது குறைகிறது என்பது டாக்டர்கள் தரும் விளக்கம். வந்துவிட்ட கிட்டப்பார்வையை வெயில் போக்காது. வராமல் தள்ளிப்போட உதவும். 40 நிமிடம் என்பதைக் கவனியுங்கள். நம்ம ஊர் ஒரு பீரியட்!

எலும்பு விஷயமும் இருக்கிறது. 2016 முதல் 2018 வரை மத்திய அரசு பிள்ளைகளின் ஊட்டச்சத்து பற்றி நாடு முழுவதும் கணக்கெடுத்தது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 24 பேருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை. வெயில் இந்தப் போடு போடுகிற நாட்டில்!

மைதானம் எங்கே?

"விட ஆசைதான். எங்கே விடுவது?" என்று பள்ளி நிர்வாகிகள் கையை விரிக்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சிட்டிபாபு கமிட்டி வரையறுத்தது. மாநகராட்சிப் பகுதி என்றால் 6 கிரவுண்டு. கிராமம் என்றால் 3 ஏக்கர். 6 கிரவுண்டு என்பது 14 ஆயிரத்து 400 சதுர அடி. வகுப்பறை, கக்கூஸ், ஆபீஸ், வேன் நிறுத்துமிடம் எல்லாம் போக மிச்சத்தில் கோலி விளையாடலாம்! அந்த இடமும் இல்லாத 700-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குத் தற்காலிக அங்கீகாரம் கொடுத்து ஓட்டிய கதை ஊரறிந்தது.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் இல்லாமல் ஒரு பள்ளி இருக்க முடியாது என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அது அரியானாவில், பள்ளி மைதானத்தை ஆக்கிரமித்தவர்கள் மீதான வழக்கு. ஆக்கிரமிப்பை ஒரு வருடத்துக்குள் காலி செய்ய உத்தரவானது.

அரை நாள் மாஸ்டர்

மைதானம் இருக்கிற இடத்தில் ஆள் இல்லை. 6 முதல் 8 வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஒருவர் வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆனால் "பகுதி நேரம்" போதுமாம்! தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 16 ஆயிரத்து 549 பேரைப் பகுதி நேரமாக எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள். மாதம் 5 ஆயிரம் ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் மீதி நேரத்துக்கு வேறு வேலை தேடத்தானே செய்வார்?

முழு நேர மாஸ்டர் மட்டும் என்ன செய்கிறார்? பிரேயரில் வரிசை பார்ப்பார். லேட்டாக வந்தவனைப் பிடிப்பார். முடி வெட்டாதவனை விரட்டுவார். ஸ்காலர்ஷிப் பாரம் எழுதுவார். மிச்ச நேரம் ஸ்கூல் டீமுக்கு. டீமில் உள்ள 15 பேருக்குப் பந்து; மற்றவர்களுக்கு மரத்தடி!

இன்னொன்று. தப்புச் செய்தால் "கிரவுண்டை அஞ்சு ரவுண்டு ஓடு!" என்கிறார்கள். ஓட்டத்தைத் தண்டனையாக்கி வைத்தால் எந்தப் பிள்ளைக்கு ஓட ஆசை வரும்?

பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். வயதுக்கு வந்ததும் ஆட்டம் நின்றுபோகிறது. உடை மாற்ற அறை கிடையாது. பையன்கள் மைதானத்தைப் பிடித்துக்கொண்டால் இவர்கள் ஓரத்தில் உட்கார வேண்டியதுதான்.

இத்தனைக்கும் இந்தியாவிலேயே உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு முதல் கல்லூரி திறந்தது நம்ம சென்னையில்! 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இப்போதும் நந்தனத்தில் நடக்கிறது. நூறு வருடமாக மாஸ்டர்களை உருவாக்கும் ஊரில் பீரியட்தான் காணோம்.

பூட்டிய கேட்

செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. மாநகராட்சி விளையாட்டுத் திடல்கள் பல, பகல் நேரத்தில் சும்மா கிடக்கின்றன. பக்கத்துத் தெருப் பள்ளிக்கு ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் என்ன குறைந்துபோகும்? பி.டி. பீரியடை மத்தியானம் 2 மணி வெயிலில் போடுவதை விட்டு, காலை முதல் பீரியடில் போடலாம். பிள்ளை பட்டினியாக வந்து மயங்கி விழும் என்ற பயத்துக்கும், 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டம் ஒரு வழி காட்டியது. திடலே இல்லையா? மொட்டை மாடிக்குச் சுற்றுச்சுவர் உயரமாக இருந்தால் கயிறு தாண்டலாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 9 முதல் 12 வரை தினமும் ஒரு பீரியட் உடற்கல்வி கட்டாயம் என்று 2018-லேயே உத்தரவு வந்துவிட்டது. டைம் டேபிளில் ஏறிவிட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளோ காலை 8 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டியூஷன் என்று இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டைப் பார்த்த கையோடு டைம் டேபிளையும் வாங்கிப் பாருங்கள். பி.டி. என்று போட்டிருக்கும். போன வாரம் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று உங்கள் பிள்ளையையே கேளுங்கள். மேத்ஸ் மிஸ்சை வைத்துக்கொண்டே கேளுங்கள்!