ஒற்றைப் பிரதி

தோட்டத் தொழிலாளி ஒருவரின் உழைப்பு முழுவதும் எழுத்தில் இருந்த இடம் ஒன்றுதான்: ஆபிஸில் கிளாக்கர் மேசைமேல் கிடந்த செக்ரோல் என்ற பதிவேடு. பெரட்டுக்களத்தில் போட்ட பேர், மடுவத்தில் நிறுத்த கொழுந்து, முழுப்பேரா அரைப்பேரா என்பது, பிடித்த முற்பணம் எல்லாம் அதில்தான். பதுளை மலைகளில் பூனாகலையானாலும் கொஸ்லந்தையானாலும் இதுதான் நிலை. அதில் இருந்தவை தொழிலாளியின் கணக்குகள். அதைத் திறந்து பார்க்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

முன்னொரு காலத்தில் இருந்த துண்டு முறை இன்னும் கொடியது. கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடனைக் குறித்த தாள் அது. அந்தத் தொகையைக் கட்டும் தோட்டத்துக்குக் கூட்டம் முழுவதும் போய்ச் சேரும். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. ஆனால் தாளை வைத்திருப்பவனிடமே ஆளும் இருப்பான் என்ற நிலை அதோடு போய்விடவில்லை.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் இதை அப்பட்டமாகக் காட்டியது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது அச்சட்டம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. முதற்காரணம் அரசியல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெருந்தொகையான மக்களிடம் சான்றுப் பத்திரம் இல்லாமற் போனது அந்த அரசியலுக்கு வசதியாக அமைந்தது. லயத்தில் பிறந்து அதே மலையில் வளர்ந்தவர், அதைச் சொல்ல அடுத்தவருடைய அலமாரியை நம்பி நிற்க வேண்டியிருந்தது.

தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பெனிகளின் கைக்குப் போயின. நிர்வாகம் மாறியபோது பதிவேடுகளும் கைமாறின. ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறவரின் பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் இருப்பது மலையகம் நன்கறிந்த துயரம்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனவர்கள் எத்தனை பேர்? முதல் நாள் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு சில பத்துகள் என்றார்கள். எந்த லயத்தில் யார் இருந்தார்கள் என்ற பட்டியல், தேடுபவர் கையில் அந்த நேரத்தில் இருந்திருக்க வேண்டியது. 2023 மார்ச் 19 அன்று பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தபோதும் குடும்பங்கள் லயங்களை இழந்து இடம்பெயர்ந்தன.

இன்று செக்ரோல் கணினிக்குள் வந்துவிட்டது. கிளவுட்டில் ஒரு பொது ஃபோல்டர் இருக்கும். டிவிசனிலிருந்து ஒருவரும் ஆபிஸிலிருந்து ஒருவரும் கொழும்பிலிருந்து ஒருவரும் அதே கோப்பைத் திறக்கலாம். இது பெரிய முன்னேற்றம். ஒற்றை அலமாரியின் ஆட்சியை முறிக்கக்கூடிய கருவி இது. ஆனால் அதைச் சரியாக அமைத்தால்தான்.

மைக்ரோசொப்ட் ஒன்டிரைவ் உள்ள கணினியில் கோப்பின் பெயருக்கு அருகே சின்ன மேகக் குறி தெரிந்தால், அந்தக் கோப்பு அங்கே இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது. இணைய லைன் இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. மழையில் கரண்டும் தொலைபேசிக் கோபுரமும் போன அன்று கிளிக் செய்தால் திறக்காது. நிறைந்த பச்சை வட்டத்துக்குள் சரிக்குறி இருந்தால்தான் கோப்பு எப்போதும் அந்தக் கணினியிலும் இருக்கும். ஃபோல்டரை வலது கிளிக் செய்து அதற்கான தெரிவை ஒருமுறை அழுத்தினால் போதும். ஒரு நிமிட வேலை இது, ஆனால் கிளாக்கருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமே.

ஃபோல்டர் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பது இன்னொன்று. ஓர் உத்தியோகத்தரின் சொந்தக் கூகுள் கணக்கில் தொடங்கிய ஃபோல்டர், அவர் மாற்றலாகிப் போகும்போது அவரோடு போகும். பதவிக்கோ நிறுவனத்துக்கோ உரிய கணக்கில் இருந்தால் நிலைக்கும். மேலும், ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. ஒரு கணினியில் தவறி அழித்தது எல்லாக் கணினியிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி வைத்திருப்பது முப்பது நாள்தான்.

பெரிய நாடுகளே இதில் தவறின. 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் பற்றரியிலிருந்து தீ மூண்டது. அரச ஊழியர் கோப்புகளைச் சேர்த்து வைத்த ஜி-டிரைவ் எரிந்தது. போனது 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்று வேறிடத்தில் பிரதி வைக்கவில்லை. நம் நாட்டிலும் 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரச கிளவுட்டைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. மே 17 தொடங்கி ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் பல அலுவலகங்களில் அழிந்தன. அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி தனியாக இல்லை. அலமாரி கிளவுட் ஆனாலும் ஒற்றைப் பிரதி ஒற்றைப் பிரதிதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மலைகளையும் உலுக்கிவிட்டுப் போனது. இந்த மலைகள் இனியும் சரியும், லைனும் இனியும் போகும். ஆகவே தோட்டக் கம்பெனிகளிடமும் பிரதேச செயலகங்களிடமும் கேட்பது இதுதான். லயப் பட்டியலும் செக்ரோலும் சேமலாப நிதிக் கணக்கும் கிளவுட்டில் ஒரு பிரதி, ஆபிஸ் கணினியில் ஒரு பிரதி, சரிவு எட்டாத வேறொரு ஊரில் வன்தட்டில் ஒரு பிரதி என்று இருக்கட்டும். மாதம் ஒருமுறை லைனைக் கழற்றிவிட்டு, கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். தொழிலாளிக்குத் தன் பக்கத்தின் அச்சுப் பிரதியை, கேட்கும்போதெல்லாம், தமிழில் கொடுங்கள்.