மொட்டை மாடிக்கு வழவழப்பு எதற்கு?

சென்னை மொட்டை மாடிகளில் ஒரு காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். இப்போது வரவேற்பறை மாதிரி மாடியிலும் போர்சலின் டைல்ஸ்தான் வேண்டுமாம். சரி, போடட்டும். போடுகிற முறை?

போர்சலின் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. குடிக்காததை வெறும் சிமெண்ட் பால் எப்படிப் பிடிக்கும்? சித்திரை வெயிலில் விரிந்து, ராத்திரியில் சுருங்கி, கொஞ்ச நாளில் தட்டினால் வெற்றுச் சத்தம்தான். பாலிமர் கலந்த பசை வேண்டும், டைல்ஸுக்கு நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் வேண்டும். "ஒட்டி ஒட்டிப் போடுப்பா, அதான் அழகு" என்று விரட்டுவது வீட்டுக்காரர். பழி மட்டும் கொத்தனாருக்கு!

பளபள ரகம் இன்னும் மோசம். ஐப்பசி மழையில் துணி எடுக்க ஓடுகிற பாட்டி வழுக்கி விழுந்தால், இடுப்பெலும்பை எந்தப் பசையால் ஒட்டுவது? சொரசொரப்பான ரகமும் அதே கடையில்தான் இருக்கிறது, கேட்பாரில்லாமல்.